மஞ்சள் கறையும் லேசர் கதிரும்



வெள்ளைச் சேட்டில் கறிக்குழம்பு பட்டுவிட்டால் எங்கள் வீடுகளில் என்ன செய்வோம்? முதலில் சவர்க்காரம் போட்டுத் தோய்ப்போம். கறை போகாது. மஞ்சளாக இருந்தது சிவந்து, இன்னும் மோசமாகத் தெரியும். பிறகு அதை வெய்யிலில் காயப் போடுவோம். பின்னேரம் எடுத்துப் பார்த்தால் கறை மங்கியிருக்கும், சிலவேளை காணாமலே போயிருக்கும். சவர்க்காரத்தால் முடியாததை வெய்யில் செய்துவிடுகிறது. ஊரில் அம்மாமாருக்குத் தெரிந்த வித்தை இது. ஈஸ்ட்ஹாமிலும் கோடை காலத்தில் பின்பக்கக் கொடியில் போட்டால் வேலை செய்யும்.

இந்தச் சின்ன விடயத்துக்குள் பெரிய பௌதிகவியல் இருக்கிறது. இன்றைய உரையின் பொருள், ஒளியோடு விசேடமாக நடந்துகொள்ளும் ஒருவகைப் பிளாஸ்ரிக்குகள். இவற்றைக் கொண்டு மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியாலேயே ஓடும் கணினிகளைச் செய்யலாம் என்று 1980களில் விஞ்ஞானிகள் பலர் நம்பினார்கள். அந்தக் கணினி இன்றுவரை எங்கள் வீட்டு மேசைக்கு வரவில்லை. ஆனால் அதே ஆராய்ச்சியின் வழியில் வேறு சில பொருட்கள் வந்தன. அந்த வழியில் ஓரிடத்தில் யாழ்ப்பாணமும் இருக்கிறது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். விஞ்ஞானம் படிக்காதவர்களும் பயப்பட வேண்டாம், மெதுவாகவே போவோம்.

முதலில் பிளாஸ்ரிக் என்றால் என்ன என்று பார்ப்போம். கடையில் தரும் பொலித்தீன் பை, காபன் அணுக்கள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்த ஒரு பொருள். ஒரு சிறிய பகுதி திரும்பத் திரும்பச் சேர்ந்து நீள்வதால் இதனைப் பல்பகுதியம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு காபனுக்கும் நான்கு கைகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொலித்தீனில் அந்த நான்கு கைகளும் பக்கத்து அணுக்களை ஒவ்வொன்றாகப் பிடித்திருக்கின்றன. அங்குள்ள இலத்திரன்கள் தங்கள் இடத்தை விட்டு அசையமாட்டா. ஆகவே அதில் மின்சாரம் ஓடாது. நாங்கள் கண்ணால் காணும் ஒளியும் அதை அசைக்காது.

இன்னொரு வகைச் சங்கிலி இருக்கிறது. அதில் ஒன்றுவிட்டொரு பிணைப்பு இரட்டைப் பிணைப்பாக இருக்கும். ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று நீளும். இந்த ஒழுங்கு வந்துவிட்டால் ஒரு புதுமை நடக்கிறது. இரட்டைப் பிணைப்பில் மேலதிகமாக உள்ள இலத்திரன்கள் ஓர் அணுவுக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. யாழ்ப்பாணத்து வளவுகளை நினைத்துப் பாருங்கள். பொலித்தீன் என்பது சுற்றிவர இறுக்கமாக வேலி அடைத்த வளவு. இந்த இரண்டாவது வகையோ, வேலிக்கு வேலி பொட்டு வைத்த வளவுகள். பிள்ளைகள் ஒரு வீட்டு முற்றத்தில் புகுந்தால் ஒழுங்கையின் கடைசி வீடுவரை ஓடித் திரிவார்கள் அல்லவா? இலத்திரன்களும் அப்படித்தான், சங்கிலி நெடுகப் பரவி நிற்கின்றன.

இப்படிப் பரவி நிற்கும் இலத்திரன்களைக் காணும் ஒளியே அசைத்துவிடும். சங்கிலி நீள நீள, அசைப்பதற்குத் தேவையான சக்தி குறையும். கரட்டுக்கும் பனம்பழத்துக்கும் செம்மஞ்சள் நிறத்தைக் கொடுப்பது கரோட்டின் குடும்பத்துப் பொருட்கள். பீற்றா கரோட்டினில் ஒன்றுவிட்டொன்றாக 11 இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உள்ளன. அது நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. மிச்சம் எங்கள் கண்ணுக்கு வருவதால் செம்மஞ்சளாகத் தெரிகிறது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமினும் இதே ஒழுங்கு கொண்டதுதான். ஆகவே இந்த இரசாயனம் எங்களுக்குப் புதிதல்ல. குசினியில் நெடுங்காலமாக இருக்கிறது.

ஆய்வுகூடத்தில் இதன் வரலாறு ஒரு பிழையில் தொடங்கியது. 1967ஆம் ஆண்டு ஜப்பானில், ஹிடெக்கி ஷிரகாவா என்பவர் வேலைசெய்த ஆய்வுகூடத்தில், அசற்றிலீன் வாயுவிலிருந்து இத்தகைய சங்கிலி ஒன்றைச் செய்ய முயன்றார்கள். அங்கு வந்திருந்த ஓர் ஆய்வாளர் ஊக்கியை, அதாவது தாக்கத்தைத் தூண்டும் பொருளை, சேர்க்க வேண்டிய அளவைப்போல் 1000 மடங்கு கூடுதலாகச் சேர்த்துவிட்டார். வழமையாகக் கிடைக்கும் கறுப்புத் தூளுக்குப் பதிலாக, வெள்ளித்தாள்போல மினுங்கும் ஒரு படலம் கிடைத்தது. ஷிரகாவா அதை எறிந்துவிடாமல் வைத்து ஆராய்ந்தார். பின்னர் அமெரிக்காவில் அலன் மக்டியார்மிட், அலன் ஹீகர் ஆகியோருடன் சேர்ந்து, அந்தப் படலத்தில் அயடீன் ஆவியைப் பட விட்டார். மின்கடத்தும் திறன் கோடிமடங்கு அளவில் ஏறியது. 1977இல் அதனை வெளியிட்டார்கள். 2000ஆம் ஆண்டு மூவருக்கும் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இது மின்சாரத்தின் கதை. இனி ஒளியின் கதைக்கு வருவோம். இந்தத் துறைக்கு ஆங்கிலத்தில் ‘நொன்லீனியர் ஒப்ரிக்ஸ்’ என்று பெயர். நேர்விகிதத்துக்கு அடங்காத ஒளியியல் என்று தமிழில் சொல்லலாம். வானொலி நேயர்களுக்கு இதை விளங்கவைப்பது சுலபம்.

வானொலிப் பெட்டியின் சத்தத்தை மெல்லக் கூட்டுங்கள். பாட்டு அதே பாட்டாகவே இருக்கும், சத்தம் மட்டும் கூடும். கொடுத்ததற்கு அளவாகத் திரும்பக் கிடைப்பதுதான் நேர்விகிதம். இனி, தாங்கமுடியாத அளவுக்குக் கூட்டுங்கள். ஸ்பீக்கர் கரகரக்கத் தொடங்கும். அந்தக் கரகரப்பு என்ன? பாடகி பாடாத சுரங்கள் அவை. அவர் பாடிய சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்களை ஸ்பீக்கர் தானாக உண்டாக்குகிறது. ஏனென்றால் ஸ்பீக்கரின் தாள், கொடுத்த அளவுக்கு ஏற்ப அசையமுடியாத எல்லைக்குப் போய்விட்டது. கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒளியும் ஓர் அலைதான். அது ஒரு பொருளுக்குள் போகும்போது அங்குள்ள இலத்திரன்களை ஊஞ்சல்போல ஆட்டுகிறது. சாதாரண வெளிச்சம் மிக மெதுவாக ஆட்டும். ஆகவே போன நிறமே திரும்பி வரும். சிவப்பு ஒளி கண்ணாடிக்குள் போனால் சிவப்பாகவே வெளியே வரும். மிகக் கடுமையான ஒளியைப் பாய்ச்சினால்தான் இலத்திரன்கள் ‘கரகரக்கும்’. அப்போது போகாத நிறம் ஒன்று வெளியே வரும்.

அவ்வளவு கடுமையான ஒளி 1960இல் தியடோர் மைமன் முதலாவது லேசரைச் செய்யும்வரை மனிதர் கையில் இருக்கவில்லை. அடுத்த வருடமே, 1961இல், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீற்றர் பிராங்கனும் கூட்டாளிகளும் சிவப்பு லேசர் கதிரைப் படிகக்கல் ஒன்றுக்குள் பாய்ச்சினார்கள். 694 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு உள்ளே போனது. அதன் சரிபாதியான 347 நனோமீற்றர் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர் சிறிதளவு வெளியே வந்தது. ஒளிப்படத் தட்டில் அது ஒரு மிகச் சிறிய புள்ளியாகப் பதிந்திருந்தது. கட்டுரையை அச்சிட்ட சஞ்சிகைக்காரர் அந்தப் புள்ளியைத் தூசி என்று நினைத்து அழித்துவிட்டார்கள் என்பது இத்துறையில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை. அம்புக்குறி மட்டும் வெறும் இடத்தைக் காட்டிக்கொண்டு அச்சாகியது.

இந்த விந்தையை இன்று சந்தையில் சில பவுண்சுக்கு வாங்கலாம். பச்சை நிற லேசர்ப் பேனைகள் பலவற்றின் உள்ளே முதலில் உண்டாவது பச்சை அல்ல. பச்சைக்கு முன்னரே கண்ணுக்குத் தெரியாத 1064 நனோமீற்றர் அகச்சிவப்புக் கதிர் உண்டாகிறது. உள்ளேயிருக்கும் சிறிய படிகம் ஒன்று அதனை 532 நனோமீற்றர் பச்சையாக மாற்றித் தருகிறது. இவ்விடத்தில் பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மாறாமல் மிஞ்சும் அகச்சிவப்பைத் தடுக்க உள்ளே ஒரு வடிகட்டி இருக்கவேண்டும். மலிவான பேனைகள் சிலவற்றில் அது இருப்பதில்லை. 2010இல் அமெரிக்க அரசின் அளவீட்டு நிறுவனத்து விஞ்ஞானிகள் பரிசோதித்த ஒரு பேனையில், பச்சையைவிட அகச்சிவப்பே கூடுதலாக வந்தது. கண்ணுக்குத் தெரியாத கதிருக்குக் கண் தானாக மூடாது. விழித்திரை கருகினால் திரும்ப வராது. இந்நாட்டில் பொதுமக்களுக்கு விற்கும் பேனை 1 மில்லிவாற்றுக்கு மேற்படக்கூடாது என்பதே அரசின் அறிவுரை. அத்தோடு, லண்டன் சிற்றி விமானநிலையம் எங்கள் நியூஹாமுக்குள்ளேதான் இருக்கிறது. விமானத்தையோ வாகனத்தையோ நோக்கி லேசர் அடித்து ஓட்டுநரின் கண்ணைக் கூசவைப்பது 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 வருடம்வரை சிறைக்குப் போகக்கூடிய குற்றம். பிள்ளைகள் விளையாட்டுக்குக் கேட்டால் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சரி, படிகக்கல்லைவிட நன்றாகக் ‘கரகரக்கும்’ பொருள் எது? இலத்திரன்கள் தாராளமாக ஓடியாடும் பொருளாக இருக்கவேண்டும். பொட்டு வைத்த வளவுகள் இப்போது ஞாபகம் வரவேண்டும். 1973இல் பிரான்சில் ஆய்வாளர்கள் கரட்டின் நிறப்பொருளான பீற்றா கரோட்டினையே எடுத்துச் சோதித்தார்கள். அது இந்த வேலையில் கெட்டிக்காரப் பொருள் என்று தெரிந்தது. 1976இல் பிரெஞ்சு, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து பொலிடையசற்றிலீன் என்ற நீண்ட சங்கிலியை அளந்தார்கள். அதன் ஆற்றல், குறைகடத்தியான ஜேர்மேனியத்தின் ஆற்றலுக்கு ஈடாக இருந்தது. ஒரு பிளாஸ்ரிக் இப்படி நடந்துகொள்ளும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை.

அதோடு நம்பிக்கைகள் கிளம்பின. இத்தகைய பொருளில் கடுமையான ஒளி பட்டால் அதன் ஒளிமுறிவுத்திறன் சற்று மாறும். அப்படியானால் ஓர் ஒளிக்கதிரால் இன்னொரு ஒளிக்கதிரின் பாதையைத் திருப்பலாம். ஆளி ஒன்றைப் போட்டு நிறுத்துவதுபோல ஒளியை ஒளியால் நிறுத்தலாம், விடலாம். அதுவும் ஒரு செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள். ஒளியால் ஓடும் கணினி என்ற கனவு இங்கிருந்து வந்தது. எந்தச் சங்கிலி சிறந்தது, எவ்வளவு நீளம் வேண்டும் என்று கணக்குப் போட்டவர்களில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர் எஸ். ராமசேஷா முக்கியமானவர். அவரும் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தின் சொல்ற்றன் சூஸும் 1989இல் வெளியிட்ட கணிப்புமுறை, இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளுவதையும் விட்டுவிடாமல் கணக்கில் சேர்த்தது. சங்கிலி நீள நீள ஆற்றல் வேகமாக ஏறும், ஓர் எல்லைக்குப் பிறகு நீளத்தைக் கூட்டியும் பெரிய பயன் இல்லை என்பதும் இத்துறையில் தெளிவாகியது. உண்மையான பிளாஸ்ரிக்கில் சங்கிலிகள் ஆங்காங்கே முறுகிக் கிடக்கும். முறுகிய இடத்தில் பொட்டு அடைபட்டுவிடும்.

அப்படியானால் கணினி ஏன் வரவில்லை? காரணங்கள் மூன்று.

முதலாவது, ஒளிமுறிவில் வரும் மாற்றம் மிகமிகச் சிறியது. அதைக் கூட்டவேண்டுமானால் அந்தப் பொருள் உறிஞ்சும் நிறத்துக்குக் கிட்டவாக ஒளியைத் தெரிவுசெய்யவேண்டும். கிட்டப் போனால் ஒளி பொருளுக்குள்ளேயே உறிஞ்சப்பட்டு வெப்பமாகிவிடும். ஆற்றலும் இழப்பும் ஒன்றாகவே ஏறுகின்றன.

இரண்டாவது, போட்டிக்கு நின்றது சாதாரணக் கண்ணாடி. கண்ணாடி இழையில் இந்தக் குணம் மிகப் பலவீனமானது. ஆனால் நல்ல இழை ஒன்றில் ஒளி ஒரு கிலோமீற்றர் ஓடிய பின்னும் 95 சதவீதம் மிஞ்சியிருக்கும். பலவீனமான விளைவும் கிலோமீற்றர் கணக்கில் சேர்ந்துவந்தால் பெரிதாகிவிடும். பிளாஸ்ரிக்கில் அவ்வளவு தூரம் ஒளி ஓடாது. மறுபக்கத்தில் சிலிக்கன் கணினிகளும் வருடாவருடம் முன்னேறிக்கொண்டே இருந்தன.

மூன்றாவது காரணம்தான் எங்கள் கொடியில் காயும் சேட்டு. மஞ்சள் கறையை வெய்யில் ஏன் போக்குகிறது? குர்க்குமினின் இலத்திரன்கள் ஒளியை எளிதாகப் பிடிக்கின்றன. பிடித்த சக்தியோடு நிற்கும்போது காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்தால், அந்த இரட்டைப் பிணைப்பு வரிசை உடைகிறது. வரிசை உடைந்தால் நிறம் போகிறது. இந்தப் பல்பகுதியங்களுக்கும் இதே கதிதான். ஒளியோடு உறவாட வைக்கும் அந்தத் தளர்ந்த இலத்திரன்களே, ஒளியாலும் காற்றாலும் ஈரத்தாலும் கெட்டுப்போகவும் வழிவிடுகின்றன. குணமும் குறையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒன்றை வெட்டிவிட்டு மற்றதை மட்டும் வைத்திருக்கமுடியாது. மூடிக் காக்கலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். இந்தப் பொருட்களைக் கொண்டு யார் எதைச் செய்தாலும் இந்த உண்மையோடு மல்லுக்கட்டியே ஆகவேண்டும்.

ஆனாலும் அந்த உழைப்பு வீண்போகவில்லை. 1989இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜெரமி பரோஸ் என்ற இளம் ஆய்வாளர், இத்தகைய பல்பகுதியம் ஒன்றுக்கு மின்னழுத்தம் கொடுத்துச் சோதித்தபோது, அது பச்சை மஞ்சளாக ஒளிர்வதைக் கண்டார். அவரும் டொனால் பிராட்லி, ரிச்சர்ட் பிரெண்ட் முதலானோரும் 1990இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் அதனை வெளியிட்டார்கள். ஒளியைப் பிடிக்கும் பொருள் ஒளியைக் கொடுக்கவும் செய்யும் என்பது உறுதியாகியது. இன்று எங்கள் கைத்தொலைபேசிகளில் ‘ஓலெட்’ என்ற திரை இருக்கிறதே, அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலான திரைகளில் நீண்ட சங்கிலிக்குப் பதிலாக, கொடாக் நிறுவனத்தார் 1987இல் காட்டிய வழியில், சிறிய மூலக்கூறுகளைப் பயன்படுத்துகிறார்கள். இரட்டைப் பிணைப்பு ஒழுங்கு ஒன்றுதான். அதன் குறையும் ஒன்றுதான். காற்றும் ஈரமும் புகாமல் அந்தத் திரையை இறுக்கமாக மூடியிருப்பது அதனால்தான். நீல நிறம் மற்ற நிறங்களைவிட முந்திக் களைத்துப்போவது இன்றும் தீராத தலையிடி.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜன் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆய்வு செய்தவர். இந்தப் பல்பகுதியங்களிலிருந்து சூரிய மின்கலம் செய்வது அவருடைய துறை. 2006இல் அவர் முதல் ஆசிரியராக வெளியிட்ட கட்டுரையில் ஜென்னி நெல்சன், ஜேம்ஸ் டுரான்ட் ஆகியோரோடு, கேம்பிரிட்ஜ் கண்டுபிடிப்பில் பங்குகொண்ட அதே டொனால் பிராட்லியின் பெயரும் இருக்கிறது. பிராட்லி 1980களில் இத்தகைய பல்பகுதியங்களின் நேர்விகிதத்துக்கு அடங்காத ஒளிக்குணங்களையும் ஆராய்ந்தவர்.

அந்தக் கட்டுரையில் என்ன செய்தார்கள்? சூரிய ஒளி பல்பகுதியத்தில் பட்டு இலத்திரன் ஒன்று கிளம்பினால், அது பழைய இடத்துக்குத் திரும்பி விழமுன் வெளியே கொண்டுபோகவேண்டும். அதற்கு நாக ஒட்சைட்டை ஒழுங்கற்ற துகள்களாகப் போடாமல், நெல்வயலில் பயிர் நிற்பதுபோல நிமிர்ந்த நுண்கோல்களாக வளர்த்தார்கள். இலத்திரன் கோல் வழியே நேராக இறங்கிப் போகலாம். திரும்பி விழும் வேகம் 100 மடங்குக்கு மேல் குறைந்தது. துகள்களால் செய்த கலத்தைவிட, சாயம் ஒன்றை இடையில் சேர்த்த நுண்கோல் கலம் நான்கு மடங்குக்கு மேல் கூடுதலான பலன் தந்தது.

அந்தப் பலன் எவ்வளவு தெரியுமா? 0.20 சதவீதம். 1000 பங்கு வெளிச்சம் விழுந்தால் 2 பங்கு மின்சாரம். வீட்டுக் கூரையில் போடும் சிலிக்கன் தகடுகள் 20 சதவீதமளவில் தருகின்றன. வெளியில் நின்று பார்ப்பவர் சிரிக்கக்கூடும். ஆனால் அந்தக் கட்டுரை ஒன்றையும் மறைக்கவில்லை. எது திருந்தியது, எவ்வளவு திருந்தியது, ஏன் திருந்தியது என்று அளந்து சொல்லியது. உலகெங்கும் இப்படிப் பலர் ஒவ்வொரு அடியாக அளந்து வைத்ததால்தான், முழுக்கப் பல்பகுதியமும் அதன் உறவுப் பொருட்களும் கொண்டு செய்த சிறிய ஆய்வுகூடக் கலங்கள் இன்று 19 சதவீதத்தைத் தாண்டியிருக்கின்றன. நீண்டநாள் வெய்யிலில் தாக்குப்பிடிப்பது மட்டும் இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை. மறுபடியும் மஞ்சள் கறைதான்.

1990இல் போர் மீண்டும் மூண்ட பின் யாழ்ப்பாணம் ஆண்டுக்கணக்காக மின்சாரம் இல்லாமல் இருந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்து உயர்தரம் படித்தார்கள். இந்த உரையைக் கேட்பவர்களிலும் அப்படிப் படித்தவர்கள் பலர் இருப்பீர்கள். வெளிச்சத்தின் அருமை தெரிந்த அந்த ஊரின் பல்கலைக்கழகத்திலேயே இன்று சூரிய மின்கல ஆய்வு நடக்கிறது. நோர்வேயின் பேர்கன் நகரிலுள்ள பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளை போன்ற புலம்பெயர் தமிழரும், கோயம்புத்தூர் ஆய்வாளர்களும் அதனோடு கைகோத்திருக்கிறார்கள். இவற்றைப் பற்றி எங்கள் வீடுகளில் பேசுவது குறைவு. பிள்ளை டொக்டராக வருமோ, எக்கவுண்டனாக வருமோ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அகதியாக வந்த குடும்பத்துக்கு நிச்சயமான தொழில் ஒன்று வேண்டும் என்ற பயம் நியாயமானது. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு பிள்ளை பௌதிகவியலிலோ இரசாயனவியலிலோ உண்மையான விருப்பம் காட்டினால், “அதைப் படித்து என்ன செய்யப்போகிறாய்?” என்று உடனே வாயை அடைக்கவேண்டாம். கைத்தொலைபேசித் திரையும் கூரைச் சூரியத் தகடும் அந்தக் கேள்விக்குப் பதிலாக எங்கள் முன்னாலேயே இருக்கின்றன.

ஒரு சிறிய யோசனை. ஈஸ்ட்ஹாம் நிலையத்தில் டிஸ்ரிக்ட் லைன் ரயில் ஏறினால், மாறாமலே சவுத் கென்சிங்ரனில் இறங்கலாம். இம்பீரியல் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே விஞ்ஞான அருங்காட்சியகம், உள்ளே போகக் கட்டணம் இல்லை. அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். போகிற வழியில் மஞ்சள் கறை ஏன் வெய்யிலில் போகிறது என்று ஒரு கேள்வியைப் போட்டுவிடுங்கள். பதிலை நீங்கள் சொல்லவேண்டாம், அவர்களே யோசிக்கட்டும்.